ஒத்திகையில் விழுந்த அடி

ஜூலை 12, சனிக்கிழமை

மருமகள் ஷீலாவின் ஒத்திகையைப் பார்க்கக் கீழ்க்கட்டளைக்குப் போனேன். சிலம்பத்தையும் இந்தக் காலத்து நடனத்தையும் கலந்து, பெண்ணின் பலத்தைக் காட்டுகிறார்களாம். தரையில் புரள்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கம்பு சுற்றும்போது அவள் முதுகு நிமிர்ந்திருந்ததை எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கூடக் குறை சொல்லியிருக்க மாட்டார்.

திடீரென்று என் மகன் வில்சன் செருப்போடு உள்ளே வந்தான். "வீட்ல சோறு இல்ல, இங்க ஆட்டமாடி உனக்கு?" என்று அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவர்கள் நிகழ்ச்சியிலும் ஆண்கள் பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்து வந்துதான் பெண்களைத் தாக்குவார்கள். அதனால் எல்லோரும் இதையும் நடிப்பென்று நினைத்துவிட்டார்கள். பறை நிற்கவில்லை. "சூப்பர் சார், அப்படியே போங்க!" என்று கத்தினாள் நடனம் அமைத்தவள். அவன் மறுபடி கை ஓங்கினான். ஷீலாவின் கம்பு அவன் மணிக்கட்டில் இறங்கியது. அவன் அலறிய பிறகுதான் பறை நின்றது.

ஆஸ்பத்திரியில் வில்சன், "போலீஸ் கேட்டா அவதான் முதல்ல அடிச்சான்னு சொல்லிடும்மா" என்றான். அவன் அப்பா இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார்.

"நான் பெற்ற பிள்ளைதான் முதலில் கை வைத்தான்" என்றேன் போலீஸ்காரரிடம்.

ஷீலா தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் மாவுக்கட்டோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "ஊட்டி விடும்மா" என்றான். ஸ்பூனை அவன் இடது கையில் வைத்துவிட்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.