தனோஜன் என்ற பெயரில்

அன்பின் மகளின் அப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் எழுதினால் மகளின் கண்ணில் பட்டுவிடும். நீங்கள் இருக்கும் தோஹாவுக்குத் திரும்பும் ஓட்டமாவடி சாலிஹிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே அவளுடைய இன்ஸ்டகிராமை அவளுக்குத் தெரியாமல் வாசித்து வருகிறேன். தனோஜன் என்றொரு பையன் சில மாதங்களாக எழுதுகிறான். முகப்படம் இல்லை. சாப்பிட்டாயா, கணக்கு விளங்குகிறதா, யாராவது மனம் நோகப் பேசினார்களா என்று கேட்கிறான். பிழையாக ஒரு சொல்லும் இல்லை.

போன கிழமை, உன் சைக்கிளில் பின் பிரேக் பிடிக்காது, பாலத்தில் மெதுவாகப் போ என்று எழுதியிருந்தான். அதை நான் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

நேற்று அவளாகவே என்னிடம் வந்தாள்.

"அம்மா, ஏசாதீங்க. எனக்கு ஒரு பொடியனப் புடிச்சிருக்கு. நான் சொல்லாமலே பிரேக் பிடிக்காதெண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"வேற என்ன கண்டாய் அவனில?"

"சாப்பிட்டியா எண்டு கேக்கிறான். அப்பா கோல் எடுத்தா மார்க்ஸ மட்டும்தானே கேப்பார்."

நான் தேத்தண்ணீர் போட எழுந்துவிட்டேன்.

அவளைச் சோதிக்கத்தான் தொடங்கியிருப்பீர்கள். அது நீங்கள்தான் என்று அவளிடம் சொல்லமாட்டேன். சொன்னால் இரண்டு பேரையும் ஒரே நாளில் இழப்பாள். அந்தப் பையனை நிறுத்திவிடுங்கள். கொஞ்ச நாள் அழுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கோல் எடுக்கும்போது வழக்கம்போல மார்க்ஸையே கேளுங்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கண்டுபிடித்துவிடுவாள்.

இப்படிக்கு,
அவளின் அம்மா