கோவாச் வீட்டின் ஒன்பதாம் தலைமுறை

செப்டம்பர் 14, ஞாயிறு

மேற்குக் கூரை மறுபடி ஒழுகுகிறது. ஏணியில் ஏறினேன். முட்டி அனுமதித்தது மூன்று படி.

மதியச் சாப்பாட்டில் மகள் அலேங்கா சொன்னாள்: கோப்பர் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டதாம், கிரேன் ஓட்ட. ஜனவரியில் சேர வேண்டும். நான் சூப்பை ஊதினேன். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"அப்போ வீடு?"

"வீடு எங்கயும் ஓடிடாதுப்பா."

"எட்டுத் தலைமுறைடி. நீ ஒன்பதாவது."

என் அப்பா எனக்குச் சொன்ன அதே வசனம், ஓர் எண் கூட்டி. இருபத்திரண்டு வயதில் என்னைக் கப்பல் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஒரே மகளிடம் நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். தங்கிவிட்டேன். தங்கி என்ன சாதித்தேன்? ஓடு மாற்றினேன்.

செப்டம்பர் 20, சனி

வட்டார வம்சாவளிச் சங்கத்தில் சேர்ந்தேன். தீயணைப்பு நிலைய மாடியில் கூடுகிறார்கள். எனக்கு ஆராய்ச்சி எதற்கு? மகளைக் கட்டிப்போட நல்ல கயிறு வேண்டும், அவ்வளவுதான். செயலாளர் லூட்மிலா டீச்சர், சின்ன வயதில் எனக்குக் கணக்கு சொல்லித்தந்தவர். பார்த்ததும், "வாப்பா லோய்ஸ், இப்பவாவது வகுத்தல் வருதா?"

நவம்பரில் புது ஒயின் திறக்கும் புனித மார்ட்டின் விருந்தன்று எல்லோருடைய வம்ச மரத்தையும் கீழே மண்டபத்தில் மாட்டுவார்களாம். ஊர் பார்க்கும். அலேங்காவும் பார்ப்பாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

எட்டு வரிசையும் முடிந்தது! சர்ச் பதிவுகளில் கோவாச் என்று கண்ட இடமெல்லாம் அள்ளிக்கொண்டேன். எங்கள் குடும்பப் பெயர் ஹ்ரிபார்தான், ஆனால் ஊரில் யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்? இங்கே வீட்டுப் பெயர்தான் ஆளுக்கும். நான் கோவாச் லோய்ஸ். எங்கள் பூனை கோவாச் பூனை.

சமையலறையில் விரித்துக் காட்டினேன். அலேங்கா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரிப்பா. விருந்து முடிஞ்சதும் வேலை வேண்டாம்னு எழுதிடறேன்."

எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். ஜெயித்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

டீச்சர் என் மரத்தைச் சரிபார்த்தார்.

"இந்த யாகோப் யாருப்பா? ஹ்ரிபாரா?"

"கோவாச் யாகோப், டீச்சர்."

"அந்த வீட்டுக்கு யார் குடிவந்தாலும் கோவாச்தானே! நீ உன் ஆளுங்களைத் தேடலை லோய்ஸ். சுவரைத் தேடியிருக்கே."

மேல் நான்கு வரிசையும் யாரோ. எங்கள் ஆள் என் கொள்ளுத்தாத்தாதான். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பன்றி மேய்க்க வந்தவர், பிற்பாடு வீட்டை வாங்கினார், மறுநாளே கோவாச் ஆகிவிட்டார். அட கடவுளே — யாரோ ஒருத்தனோட முப்பாட்டனுக்காகவா நான் கப்பலை விட்டேன்?

"மாத்தறதும் மாத்தாததும் உன் இஷ்டம்ப்பா. நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றார் டீச்சர். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 19

அலேங்காவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

மனைவி மாய்தா கேட்டாள்: "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? விருந்துக்கு வெட்டப்போறது வாத்தைத்தானே, உன்னை இல்லையே?"

சொன்னால் அலேங்கா போய்விடுவாள். சொல்லாவிட்டால் இருப்பாள், ஓடு மாற்றுவாள். தன் பிள்ளையிடம் பத்தாவது என்பாள். முடிச்சுப் போட்டது நான். அவிழ்க்க விரல் வரமாட்டேன் என்கிறது.

நவம்பர் 8, சனி

விருந்து. வாத்து, சிவப்பு முட்டைக்கோஸ், புது ஒயின். மற்றவர்களின் மரங்கள் சுவரை அடைத்துக்கொண்டு நின்றன. என்னுடையது முட்டைக்கோஸ் செடி உயரம். காலையில் மாய்தாவின் கத்தரிக்கோலால் மேல்பாதியை வெட்டிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரன் சத்தமாக, "என்ன கோவாச், எலி தின்னுடுச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அலேங்கா சிரிக்கவில்லை. "மத்தவங்க எங்கப்பா?"

"அவங்க வீட்டோட ஆளுங்க. நமக்கு உறவே இல்லை. நம்ம ஆளு மலை தாண்டி நடந்து வந்தவர்."

"அவரோட அப்பா அவரைப் போக விட்டாராமா?"

"வந்து சேர்ந்துட்டாரே. விட்டிருப்பார்."

என் கையிலிருந்த ஒயினை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

நவம்பர் 10

வேண்டாம் என்று அவள் எழுதவில்லை.

ஜனவரி 22, வியாழன்

கூரை ஒழுகுகிறது. மாடியை ஒரு இளம் ஜோடிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இன்று தபால்காரம்மா வாசலில் நின்று, "கோவாச் பொண்ணே, பார்சல்!" என்று கத்தினாள். அந்தப் பெண் சாதாரணமாக இறங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டாள்.

மாலை அலேங்கா போன் செய்தாள். ஒரே காற்றுச் சத்தம்.

"கிரேன் மேலேருந்து கடல் முழுக்கத் தெரியுதுப்பா. ஞாயித்துக்கிழமை வா, காட்டறேன்."

என் முட்டி மூன்று படிக்கு மேல் ஏறாது என்றேன்.

"லிஃப்ட் இருக்குப்பா."

கூரையைத் திங்கட்கிழமை பார்க்கலாம்.