சூடம் அணைக்க மறுத்த கை

அப்பா,

நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடைக்குப் பக்கத்தில் இன்று ஒரு செருப்புக் கடை திறந்தார்கள். வாசலில் தேங்காய் உடைத்துச் சூடம் ஏற்றினார்கள். அந்த வாசம் வந்ததும் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "சாமி கும்பிட வரலையா?" என்று முதலாளியம்மா கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். தெஹியோவிட்ட டவுனில் சூடத்தைக் கண்டால் ஆத்திரம் வருகிற தமிழச்சி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்பது வயதுக்குள் எனக்கு ஏழு எலும்பு முறிவு. ரப்பர் தோட்டத்தில் நாம் குடியிருந்த லயத்து வாசற்படியில் தடுக்கி விழுந்தது ஒன்று. பள்ளிக்கூட வரிசையில் பிள்ளைகள் தள்ளியது ஒன்று. ஒரு தடவை தும்மியதற்கே விலா எலும்பு போனது. சொன்னால் யார் நம்புவார்கள்? அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். நீங்கள் விடியற்காலையில் ரப்பர் மலைக்குப் போய்ப் பால் வெட்டி, சேர்த்த பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்து எனக்குச் சோறாக்குவீர்கள். எலும்பு உடைந்தால் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு முறிவு கட்டுகிற வெதமாத்தயா வீட்டுக்கு ஓடுவீர்கள். அவர் எண்ணெய் போட்டு, மட்டை வைத்துக் கட்டிவிடுவார். ஏழில் ஆறு தானாக நடந்தவை. ஒன்று மட்டும் நீங்கள் செய்தது.

அன்று மழை, பால் வெட்டு இல்லை. பாசி பிடித்த படியில் இறங்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தீர்கள். நான் கேட்காமல் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குக் குளிக்க இறங்கிவிட்டேன். நீங்கள் மேலேயிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தீர்கள். பயத்தில் வந்த கோபம் என்று இப்போது தெரிகிறது; அப்போது கோபம் மட்டும்தான் தெரிந்தது. "செத்துத் தொலைய வேற எடம் கெடைக்கலையா ஒனக்கு?" என்று கேட்டு என் இடது கையில் ஓங்கி ஓர் அடி வைத்தீர்கள். ஈர்க்குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். கை பாதியில் மடங்கித் தொங்கியது. நீங்கள் அங்கேயே குந்தி உங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். அடியைக்கூடப் பொறுத்திருப்பேன். வெதமாத்தயாவிடம், என் கண்முன்னாலேயே, "விழுந்துட்டா" என்று சொன்னீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கட்டு அவிழ்வதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து விஷயம் வெளியே போனது. சிறுவர் விவகாரம் பார்க்கிற அதிகாரி, சிங்கள நோனா ஒருவர், தோட்டத்துக்கு வந்து விசாரித்தார். திங்கட்கிழமை திரும்ப வருவதாகவும், அப்பன்தான் அடிக்கிறான் என்று தெரிந்தால் பிள்ளையைச் சிறுவர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்து ஜனங்களுக்கு அது மானப் பிரச்சினை. வெளியார் தீர்ப்புச் சொல்வதற்கு முன் நாமே கேட்டு முடித்துவிடுவோம் என்று தொழிற்சங்கத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டார். நம் தோட்டத்தில் எந்த வழக்கும் கடைசியில் சூடத்தில்தானே வந்து நிற்கும். தட்டில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள். நீங்கள் அணைத்தால் தோட்டமே நோனாவிடம் உங்களுக்காகப் பேசும், நான் உங்களோடு இருப்பேன். அணைக்காவிட்டால் இல்லம்.

"புள்ளமேல கையே வச்சதில்லன்னு சொல்லி அணைச்சிரு. அம்புட்டுத்தான். வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் தலைவர்.

நீங்கள் கையை நீட்டினீர்கள். சூடத்துக்கு மேலே கொண்டுபோய்விட்டு, மடக்கிக்கொண்டீர்கள்.

"ஒரு தடவ அடிச்சிருக்கேன், தலைவரே."

"ஏழு தடவ ஒடஞ்சிருக்கே?"

"ஒரு தடவதான் அடிச்சேன்."

"அப்ப மத்ததெல்லாம் சாமியா ஒடச்சிச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு புள்ள. ஒரு தடவதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அது உண்மையும்கூட. ஆனால் எனக்குக் கை வலித்தது. "விழுந்துட்டா" என்ற பேச்சு இன்னும் காதிலேயே கிடந்தது. நான் வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல் அடி யாருடையது என்று தெரியவில்லை. உங்களோடு ஒரே மலையில் பால் வெட்டுகிறவர்கள்தான் எல்லாரும். ஒருவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஒருவர் மூஞ்சியில் குத்தினார். விழுந்த பிறகு மிதித்தார்கள். "பச்சப்புள்ளைய ஒடச்ச கைய ஒடைங்கடா" என்று ஒருத்தி கத்தினாள். அப்பா, எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். உங்கள் உதடு கிழிந்து ரத்தம் வந்தபோது, நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. என் உடம்புக்குள் ஏழு தடவை கேட்ட சத்தம், முதல் தடவையாக வெளியிலிருந்து வந்தது. உங்கள் தோள்பட்டையில், பிறகு முன்கையில், பிறகு தொடையில். சாதாரண மிதிதான். வேறு ஆளாயிருந்தால் இரண்டு நாள் வீங்கிவிட்டு வற்றியிருக்கும். உங்கள் கால் முழங்காலுக்கு மேலே வேறு பக்கம் திரும்பிக் கிடந்ததைப் பார்த்து, மிதித்தவர்களே பயந்து விலகினார்கள். "விடுங்க, எங்கப்பாவுக்கும் ஒடையுது" என்று அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. அவர்களே உங்களைப் பலகையில் கிடத்தி லொறியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர் உங்கள் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். என் கையையும் படமெடுக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். உங்கள் இமையை இழுத்துப் பார்த்தார், பிறகு என்னுடையதை. இரண்டு பேருக்கும் வெள்ளை விழியில் லேசான நீலம். எலும்பில் அடர்த்தியே இல்லை, பிறவிக் கோளாறு, உங்களிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது என்றார். சின்ன வயதில் உங்களுக்கு எத்தனை உடைந்தது என்று கேட்டார். அஞ்சு, எல்லாம் எங்கப்பன் அடிச்சு, என்று சிங்களத்தில் சொன்னீர்கள். எல்லாமேவா என்று அவர் திருப்பிக் கேட்டார். நீங்கள் திரும்பி அந்த இரண்டு படங்களையும் பார்த்தீர்கள். டொக்டர் போன பிறகு என்னைப் பார்த்து, "அந்த மனுசன் சாவுக்குக்கூட நான் போகல புள்ள" என்றீர்கள்.

நோனா டொக்டரின் கடிதத்தைப் படித்துவிட்டு, என்னை உங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அடித்தது யார் என்று பொலிஸ் வந்து கேட்டபோது, பாறையில் விழுந்துவிட்டேன் என்றீர்கள். அந்தப் பொய்யையும் பக்கத்திலிருந்து கேட்டேன். "எல்லாம் ஒனக்காக அடிச்சவங்க. நான் இல்லாத நாள்ல ஒனக்கு அவங்க வேணும்" என்று எனக்குச் சமாதானம் சொன்னீர்கள். உங்கள் பாடையைத் தூக்கியதும் அவர்கள்தான்.

இப்போது எனக்கு முப்பது வயது. கொழும்பு எலும்புக் கிளினிக்கில் வரிசை முழுக்க வயதானவர்கள். "கூட்டிட்டு வந்த அம்மா எங்க?" என்று நர்ஸ் கேட்கும்போதெல்லாம், நோயாளி நான்தான் என்று சொல்லவேண்டும். அவிசாவளை பஸ்ஸில் சீட் கேட்டால், இந்த வயசுல என்ன கேடு என்று முறைக்கிறார்கள். என் கோபம் உங்களுக்குத் தெரியும், உங்களுடையதுதானே. ஓங்கி அறையவேண்டும் போலிருக்கும். அறைந்தால் என் விரல்தான் போகும்.

நெஞ்சுச்சளியில் நீங்கள் கிடந்த கடைசி வாரத்தில்தான் சொன்னேன். "அன்னிக்கு நான் வேணும்னேதான் பேசாம நின்னேன் அப்பா."

"தெரியும்" என்றீர்கள். "கீழ கெடந்து ஒன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒன்னால யாரையும் அடிக்க முடியாது. ஒனக்குத்தான் ஒடையும். நீ என்னயத் திருப்பி அடிச்சது அதுதான்னு வச்சுக்கிட்டேன்" என்றீர்கள்.

நீங்கள் அடித்த என் கை ஆறு வாரத்தில் நேராகக் கூடிவிட்டது. ஆனாலும் அந்த அடியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் அடித்த உங்கள் கால் கோணலாகவே கூடியது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு இருபது வருடம் எனக்காக மலை ஏறினீர்கள். நீங்கள் அதை இழுத்துப் படியிறங்கிய சத்தத்தை நான் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். அதற்காக இன்றுவரை யாரும் என்னை அடிக்க வரவில்லை, அப்பா.