பலாமரத்துக்கு ஒரு வருஷம்

அன்பு மகள் மகிமாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் போடியில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முதுகு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது, காரணம் பின்னால் வருகிறது. புனே குளிரில் நீ காதை மூடிக்கொள்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றே எனக்கு நினைப்பு. பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே, போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன்.

நர்சிங் முதல் வருஷத்தில் நீ இரண்டு பாடத்தில் தவறியது தெரிந்ததும் அப்பா, படிச்சது போதும், ரயிலேறி வரச் சொல்லு, கடையில உக்காரட்டும் என்று ஒரே பிடியாக நின்றார். நான் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். சர்ச் வாசல் பலாமரம் இத்தனை வருஷத்தில் ஒரு பிஞ்சுகூட வைக்கவில்லை, வெட்டிவிட்டு வண்டி நிறுத்த ஷெட் போடலாம் என்றார் பொன்னுராஜ் மாமா. உடனே அப்பா எழுந்து, வேதத்துல காய்க்காத அத்திமரத்துக்குத் தோட்டக்காரன் எசமான்கிட்ட ஒரு வருஷம் கேட்டு வாங்கலையா, நாம மட்டும் கோடாலியோட வந்து நிக்கிறோமே என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நானும் எழுந்து, மரத்துக்கு ஒரு வருஷம் கேக்குறீகளே, பெத்த மகளுக்குக் கிடையாதா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். இன்னைக்கு ரெண்டு பிரசங்கம், ரெண்டாவதுதான் உறைக்குது என்று பொன்னுராஜ் மாமா சொல்ல, சபையே சிரித்தது. மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பா, அவ அங்கனயே இருந்து படிக்கட்டும் என்றார், அவ்வளவுதான்.

தோட்டக்காரன் வருஷம் கேட்டதோடு நிற்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருவும் போடுகிறேன் என்றானே, அதனால் கேட்டவரே கொத்தட்டும் என்று போதகர் மண்வெட்டியை அப்பாவிடமே கொடுத்துவிட்டார். முதுகுவலி அங்கே வாங்கியது. உனக்கும் கொத்தும் வேலை இருக்கிறது மகிமா, அறைக்குள் முடங்காமல் மிஸ்ஸிடம் போய்ப் புரியாததைக் கூச்சப்படாமல் கேள்.

அப்படியும் காய்க்காவிட்டால் வெட்டலாம் என்றும் அந்த உவமையில் வருகிறதே என்று நீ கேட்பாய். வருகிறதுதான். ஆனால் வருஷம் முடிந்ததும் தோட்டக்காரன் என்ன செய்தான் என்று இயேசு சொல்லவில்லை. எனக்குத் தெரியும். மறுபடியும் எசமானிடம் போய் நின்று இன்னும் ஒரு வருஷம் கேட்டிருப்பான்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கம்பளித் தொப்பியைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே.

உனக்காக ஜெபிக்கும் அம்மா,
அபிதா