குன்றுக்குத் தூக்கிப் போகும் பிள்ளை

மைசூர்,
ஞாயிறு இரவு

என் பிரியமுள்ளவருக்கு அநேக நமஸ்காரம். குழந்தை ஜகதீசன் சௌக்கியமாகத் தூங்குகிறான்.

நீங்கள் பெங்களூர் போன பிறகும் மாலைதோறும் கெரே ஏரிக்கு மேலே இருக்கும் சின்னக் குன்றுக்குப் போகிறோம். மன்னிதான் எல்லோரையும் கிளப்புகிறாள். ஏறும்போது குழந்தை உங்கள் அண்ணா தோளில், இறங்கும்போது மன்னி இடுப்பில். நான் பால் கூஜாவோடு பின்னால் வருகிறேன்.

பிள்ளையில்லாதவர்களின் ஆசை என்றுதான் நினைத்தேன். நேற்று மேலே ஒரு கன்னட அம்மாள் மன்னியிடம், "நிம்ம மகனா?" என்று கேட்டாள். மன்னி கூசாமல் "ஹௌது", ஆமாம் என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"விளையாட்டுக்குச் சொன்னேன்டி. பி.ஏ. படிச்சவ, இதுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கலாமா?" என்று சிரித்தாள்.

இன்று, "மூணு வயசாச்சே மன்னி, முடியிறக்க வேண்டாமா?" என்று கேட்டேன். அண்ணா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அவசரம்? உன் ஆம்படையானே தள்ளிப் போடச் சொல்லியிருக்கான்," என்றாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பெற்றவர்கள் முடியிறக்கிவிட்ட பிள்ளையை உங்கள் குடும்பத்தில் சுவீகாரம் கொடுப்பதில்லை. அது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

நாளை சோமவாரம். முதல் ரயிலில் குழந்தையோடு நஞ்சன்கூடு கோயிலுக்குப் போகிறேன். இது உங்கள் கைக்கு வருமுன் முடியிறக்கியாகியிருக்கும். என் சந்தேகம் பொய்யானால், மொட்டைத் தலையைப் பார்த்து நீங்களும் சந்தோஷப்படுவீர்கள்.

மாலையில் வழக்கம்போல் குன்றுக்குப் போவோம். கூஜாவை மன்னி எடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைப் பெற்றவள்