செத்த போன் விழுப்புரத்தில் விழித்தது

வெள்ளி இரவு, திண்டிவனம்.

இந்நேரத்துக்கு விளக்கைப் போட்டு உன்னை விரித்ததற்கு மன்னித்துக்கொள், நோட்டே. எழுதாமல் தூக்கம் வராது.

நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு சேர்ந்து உருவாக்கும் திறந்தமூல மொபைலில், பட்டனை அழுத்தியதும் அதை எழுப்பும் பூட்லோடர் என்ற நிரல் என் பொறுப்பு. என்னிடமிருந்த ஒரே சோதனைப் போன் மூன்று நாளாக எழவே இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இருட்டுத்தான். நாளைக்குள் முடியாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள்.

இன்று பாப்பாவுக்குத் தடுப்பூசி போட விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். போனைப் பையில் போட்டவள், மூன்று நாளும் அதில் மாட்டியே கிடந்த, அது சொல்வதை லேப்டாப்பில் காட்டும் ஒயரை மறந்துவிட்டேன்.

“ஊசி போடப் போற எடத்துக்கும் இந்தப் பொணத்தத் தூக்கிக்கினு வந்துட்டியாடி?” என்றாள் அம்மா.

சும்மா பேட்டரியை மாட்டினேன். திரை வெளிச்சமானது!

“அம்மா, எழுந்துடுச்சிம்மா!”

“கத்தாதடி, கொழந்தையும் எழுந்துக்கப் போவுது.”

ஒயர்தான் குற்றவாளி. பேட்டரியைக் கழற்றினாலும் லேப்டாப்பிலிருந்து ஒயர் வழியே மின்சாரம் கசிந்து, போனின் நினைவகம் முழுதாக அணையாமலே கிடந்திருக்கிறது; அதனால்தான் புதிதாகத் தொடங்க முடியவில்லை. வீடு திரும்பியதும், எழும்போதே நினைவகத்தை ஒருமுறை அணைத்துவிட்டுத் தொடங்கும்படி நிரலை மாற்றினேன். ஒயரோடு பத்து முறை போட்டேன். பத்து முறையும் எழுந்தது. நான்தான் கண்டுபிடித்தேன்!

பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. ஊசி போட்டால் சுடும் என்றுதான் நர்ஸ் சொன்னார். இருந்தாலும் இடக்கை அவள் நெற்றியில்தான் இருக்கிறது.

குழுவுக்கு மெயில் போய்விட்டது. அதன் கடைசி வரி: ஒயரோடும் எழுகிறது, சோதித்துப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் பதில் போடுங்கள்.