வேதியியல் வகுப்பறையில் உன் கச்சேரி

பழைய குளிர்கோட்டின் உள்பையில் இன்று காலை ஒரு சிகரெட் தாள் கட்டு கிடைத்தது. நம் இருவருக்குமே புகைப்பழக்கம் இருந்ததில்லை. உன் வெள்ளிப் புல்லாங்குழலின் விசைகளுக்கு அடியில் ஈரம் கோத்துக்கொண்டால் இந்தத் தாளில் ஒன்றைச் செருகி, மெல்ல அழுத்தி எடுப்பாய். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் கோட்டிலும் ஒரு கட்டைப் போட்டுவைத்திருக்கிறாய். நீ இறந்துபோய்விட்டாய் என்று உன் தங்கையின் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. நாம் பேசியதெல்லாம் ஆங்கிலம். அதில் நீ, நீங்கள் என்ற பேதமில்லை. தமிழில் எழுத உட்கார்ந்ததும் கை தானாக ‘நீ’ என்றே எழுதுகிறது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், அறுபதுகளின் கடைசியில், ஒரே வீட்டு மாடியில் எதிரெதிர் அறைகளில் குடியிருந்தோம். நான் மதுரையிலிருந்து வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்தவள். நீ அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து இசை படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட கறுப்பினப் பெண். அடுப்பு இருவருக்கும் பொது. நான் ரசம் வைத்தால் நீ கதவைத் தட்டுவாய். நீ வாசித்தால் நான் கதவைத் திறந்துவைப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில், புல்லாங்குழலுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்குமாக ஒன்று எழுதினாய். ஊரிலிருந்த ஒரு இசைக்குழு உன்னோடு அதை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தது. இங்கே கற்ற செவ்வியல் கட்டுக்கோப்பில்தான் அது தொடங்கும். நடுவில் ஊதிக்கொண்டே தொண்டைக்குள் முனகுவாய். ஒரே மூச்சில் இரண்டு குரல்கள் வரும். “எங்கம்மா போற சர்ச்ல பொம்பளைங்க இப்படித்தான் வாயைத் திறக்காமப் பாடுவாங்க” என்றாய்.

ஒரு மாலை ஒத்திகையிலிருந்து திரும்பி, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாய்.

“என்ன ஆச்சு?”

“அந்த முனகலை எடுத்துடச் சொல்றார் குழுத் தலைவர். சுத்தமா இல்லையாம். ஜாஸ் கிளப்புக்குக் கொண்டுபோகச் சொல்றார்.”

“கிளப்புல கேட்டியா?”

“போன வாரமே கேட்டேன். இவ்வளவு எழுதிவச்சு வாசிக்கிறது அங்க எடுபடாதாம்.”

“எடுத்துட்டா இங்க கச்சேரி நடக்கும்ல?” என்றேன். அப்படிக் கேட்டதற்காக இன்றும் கூசுகிறேன். நீ கோபப்படவில்லை.

“நடக்கும். ஆனா அங்க வாசிக்கிறவ நானா இருக்க மாட்டேன்.”

மறுநாளே விலகிக்கொள்வதாக எழுதிக்கொடுத்துவிட்டாய். அன்றுதான் நான் என் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினேன். வந்து இரண்டு வருடங்களில் அவரிடம் எதையுமே கேட்டறியாதவள் நான். விரிசல் விட்ட குடுவைக்கு மாற்றுக்கூடக் கேட்காமல் சமாளித்தவள்.

“சார், சனிக்கிழமை மத்தியானம் பெரிய வகுப்பறை காலியாத்தானே இருக்கு?”

“எதுக்கு?”

“ஒரு கச்சேரிக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எதுவும் தீப்பிடிக்காதே?”

“பிடிக்காது சார்.”

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

முப்பது பேர் வந்தார்கள். பெரும்பாலும் என் ஆய்வகத்தார். முன்வரிசையில் தொப்பியோடு நம் வீட்டுக்கார அம்மாள். செங்குத்தான மரப்பலகை வரிசைகள், சுவரில் தனிம அட்டவணை, அசிட்டோன் வாடை. உன் பகுதியை மட்டும் தனியாக வாசிப்பதாக இருந்தாய். குழலை உதட்டருகே கொண்டுபோனபோது கதவு திறந்தது. அந்தக் குழுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பவர், வாத்தியப் பெட்டியோடு நின்றார்.

“தலைவருக்குத் தெரியாம வந்திருக்கேன். என் பகுதி மனப்பாடம். உட்காரலாமா?”

நீ ஆய்வக முக்காலி ஒன்றை இழுத்துப்போட்டாய்.

அந்த முனகல் வந்தபோது வயோலா உன் குரலுக்கும் கீழே இறங்கிப் போய் அதைத் தாங்கிக்கொண்டது. வழக்கமாக நீ வாசித்தால் கீழே இருந்து விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிக்கும் வீட்டுக்கார அம்மாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. இந்த ஊர் வகுப்பறைகளில் பாராட்டென்றால் விரல் முட்டியால் முன்னாலிருக்கும் மேசைப் பலகையைத் தட்டுவதுதான். முப்பது பேரும் தட்டினார்கள். பழைய மரம் அதிர்ந்தது. நீ தலையைச் சாய்த்து அதைக் கேட்டாய். பிறகு அந்தத் தட்டலையே தாளமாக எடுத்துக்கொண்டு மறுபடி ஊத ஆரம்பித்தாய். யாரும் நிறுத்தவில்லை, நானும்தான். முட்டிகள் சிவந்துபோயின.

அந்த வயோலாக்காரரே பிறகு இன்னும் மூவரைத் தேடிப்பிடித்தார். எழுபதுகளில் கொலோனிலும் வேறு ஊர்களிலும், ஒரு சுரம்கூட மாற்றாமல் அதை வாசித்தீர்கள். சில பத்திரிகைகள் புகழ்ந்தன, சில உதட்டைப் பிதுக்கின. இரண்டையும் வெட்டி எனக்கு அனுப்பிவைப்பாய், ஒரே உறையில்.

உன்னால் எனக்கு இசை வந்துவிடவில்லை. இன்றும் சுருதி பிசகாமல் ஒரு வரி பாடத் தெரியாது. வந்தது வேறு. கேட்கும் பழக்கம். எனக்கென்று தனி ஆய்வு மேசை கேட்டேன். கட்டுரையில் என் பெயர் முதலில் வர வேண்டும் என்று கேட்டேன். பக்கத்து ஆய்வகத்தில் ஒருவர் மூன்று வருடமாக வணக்கம் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார், அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். ஒருநாள் டிராம் நிறுத்தத்தில் அவரிடமும் நானே கேட்டுவிட்டேன்.

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

அவர் பதில் சொல்வதற்குள் இரண்டு டிராம்கள் போய்விட்டன. மூன்றாவதில் சேர்ந்தே ஏறினோம்.